பிரெஞ்சு நிறுத்தற்குறி இடைவெளி

பிரெஞ்சு நிறுத்தற்குறி இடைவெளி என்பது, பிரெஞ்சு மொழி உரையில் சில நிறுத்தற்குறிகளுக்கு முன்பும் மேற்கோட்குறிகளுக்கு உட்புறமும் விடப்படும் இடைவெளியைக் குறிக்கும். தமிழிலும் தற்கால ஆங்கிலத்திலும் வினாக்குறி, வியப்புக்குறி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி ஆகியவை முன்னுள்ள சொல்லோடு ஒட்டியே எழுதப்படுகின்றன. பிரெஞ்சு மொழியிலோ இக்குறிகளுக்கு முன் ஓர் இடைவெளி விடுதல் மரபாகும். "நலமா" என்னும் பொருள்படும் பிரெஞ்சுத் தொடர் அச்சில் "சா வா ?" என்றே அமையும், "சா வா?" என்று அமைவது பிரான்சில் பிழையாகக் கருதப்படும்.

இவ்விடைவெளிக்கு இரண்டு பண்புகள் தேவை. ஒன்று, அதன் அகலம் குறிக்கு ஏற்ப வேறுபட வேண்டும். மற்றொன்று, அவ்விடத்தில் வரி முறியக் கூடாது. சாதாரண இடைவெளிக்கு இவ்விரு பண்புகளும் இல்லை. எனவே பிரெஞ்சு உரையைக் கையாளும் ஒவ்வோர் அச்சுக்கோப்பு முறைமையும், இந்த இடைவெளியை எழுதுபவர் இட வேண்டுமா, மென்பொருள் தானாக இட வேண்டுமா என்னும் வினாவுக்கு விடை காண வேண்டியுள்ளது. இக்கட்டுரை அவ்விடைகளை, சிறப்பாக டெக் அச்சுக்கோப்பு முறைமையைக் கொண்டு விளக்குகிறது.

விதிகள்

பிரான்சின் அரசு அச்சகமான இம்ப்ரிமெரி நாசியோனால் வெளியிட்ட அச்சு விதித் தொகுப்பு, இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படும் நூலாகும். அம்மரபின்படி முதன்மையான விதிகள் பின்வருமாறு:

* காற்புள்ளி (,), முற்றுப்புள்ளி (.), முப்புள்ளி (…): முன்பு இடைவெளி இல்லை, பின்பு சொல்லிடைவெளி.
* அரைப்புள்ளி (;), வியப்புக்குறி (!), வினாக்குறி (?): முன்பு பிரியா நுண்ணிடைவெளி, பின்பு சொல்லிடைவெளி.
* முக்காற்புள்ளி (:): முன்பு பிரியா சொல்லிடைவெளி, பின்பு சொல்லிடைவெளி.
* தொடக்க மேற்கோட்குறி («): முன்பு சொல்லிடைவெளி, பின்பு பிரியா இடைவெளி.
* முடிவு மேற்கோட்குறி (»): முன்பு பிரியா இடைவெளி, பின்பு சொல்லிடைவெளி.
* அடைப்புக்குறிகள்: உட்புறம் இடைவெளி இல்லை.
* விழுக்காட்டுக் குறி (%), யூரோக் குறி (€): எண்ணுக்கும் குறிக்கும் இடையே பிரியா இடைவெளி.
* பேரெண்கள்: வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, நடுவே காற்புள்ளிக்கு மாற்றாகப் பிரியா இடைவெளி. எடுத்துக்காட்டு: 1 250 000.

இங்குச் சொல்லிடைவெளி என்பது இரு சொற்களுக்கு இடையே வழக்கமாக விடப்படும் இடைவெளி ஆகும். நுண்ணிடைவெளி அதனினும் குறுகியது. பிரெஞ்சு அச்சுத் தொழிலில் இது ஃபீன் என்று அழைக்கப்படுகிறது. பிரியா இடைவெளி என்பது வரிமுறிவுக்கு இடம் தராத இடைவெளி ஆகும்.

இவ்விதிகளை நினைவிற்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. ஒரே கூறினால் ஆன குறிகளுக்கு (, .) முன்பு இடைவெளி இல்லை. இரு கூறுகளால் ஆன குறிகளுக்கு (; : ! ?) முன்பு இடைவெளி உண்டு. இதனால் பின்னவை இரட்டை நிறுத்தற்குறிகள் எனப்படுகின்றன. முப்புள்ளி மட்டும் இந்நினைவு வழிக்கு விலக்கு.

முக்காற்புள்ளிக்கு மட்டும் முழுச் சொல்லிடைவெளி விடுவதால், அக்குறி தனக்கு முன்னும் பின்னும் சம இடைவெளி பெற்று, இரு கூற்றுகளுக்கும் நடுவில் நிற்கிறது. ஏனைய மூன்றும் முன்னுள்ள சொல்லைச் சார்ந்தவை. ஆதலால் அவற்றின் முன் உள்ள இடைவெளி பின் உள்ளதைவிடக் குறுகியது.

வரலாறு

உலோக எழுத்துகளைக் கையால் அடுக்கிய காலத்தில், அச்சுக்கோப்பாளர் எழுத்துகளுக்கிடையே பல்வேறு தடிப்புள்ள உலோகத் துண்டுகளைச் செருகி இடைவெளி உண்டாக்கினார். உயரமான குறிகள் முன்னுள்ள எழுத்தை முட்டாமல் இருக்க, மெல்லிய துண்டு ஒன்று செருகப்பட்டது. இவ்வழக்கம் பிரான்சுக்கு மட்டும் உரியதன்று. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் அச்சான ஆங்கில நூல்கள் பலவற்றிலும் அரைப்புள்ளி, வினாக்குறி ஆகியவற்றின் முன் நுண்ணிடைவெளியைக் காணலாம். 20ஆம் நூற்றாண்டில் ஆங்கில அச்சு அதனைக் கைவிட்டது. பிரெஞ்சு அச்சு அதனைத் தக்கவைத்துக்கொண்டது.

பிரெஞ்சு மேற்கோட்குறி கியமே எனப்படுகிறது. இச்சொல் கியோம் என்னும் ஆட்பெயரின் குறுக்க வடிவம் ஆகும்.

தட்டச்சுப்பொறியின் வருகையால் நுண்ணிடைவெளி மறைந்தது. அப்பொறியில் இருந்தது ஒரே அகலமுள்ள இடைவெளி மட்டுமே. எனவே தட்டச்சர்கள் இரட்டை நிறுத்தற்குறிகளின் முன் முழு இடைவெளியை இட்டனர். ஆயினும் வரியை எங்கு முடிப்பது என்பதைத் தட்டச்சரே முடிவு செய்தமையால், வினாக்குறி தனித்து அடுத்த வரிக்குச் செல்லும் நிலை எழவில்லை. வரிமுறிவு கணினியின் பொறுப்புக்கு மாறிய பின்னரே இச்சிக்கல் தோன்றியது. சாதாரண இடைவெளி காணும் இடமெல்லாம் வரியை முறிக்கத்தக்க இடம் என்பதே கணினி அறிந்த விதி. அதன் விளைவாக ஒரு வரியின் தொடக்கத்தில் "?" மட்டும் நிற்பதும், ஒரு வரியின் கடைசியில் "«" மட்டும் தொங்குவதும் நேர்ந்தன.

நாடுகளிடையே வேறுபாடு

பிரெஞ்சு பேசும் நாடுகள் அனைத்திலும் இவ்விதிகள் ஒன்றாக இல்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், நுண்ணிடைவெளி இட இயலாத மென்பொருள்களில் அரைப்புள்ளி, வியப்புக்குறி, வினாக்குறி ஆகியவை முன்னுள்ள சொல்லோடு ஒட்டியே எழுதப்படுகின்றன. முக்காற்புள்ளிக்கு முன்பும் மேற்கோட்குறிகளுக்கு உட்புறமும் மட்டும் பிரியா இடைவெளி விடப்படுகிறது. சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சு அச்சில் மேற்கோட்குறிகளுக்கு உட்புறமும் நுண்ணிடைவெளியே பெரிதும் விரும்பப்படுகிறது. எனவே ஓர் அச்சுக்கோப்பு முறைமை "பிரெஞ்சு" என்னும் மொழிப்பெயரை மட்டும் அறிந்திருத்தல் போதாது. அகலங்களை மாற்றிக்கொள்ளவும் இடம் தர வேண்டும்.

டெக் முறைமையில்

டெக் என்பது டொனால்ட் குனூத் 1978இல் முதலில் வெளியிட்ட அச்சுக்கோப்பு முறைமை ஆகும். அதன்மேல் அமைக்கப்பட்ட லாடெக், கணிதம் மற்றும் அறிவியல் ஆக்கங்களை அச்சிடப் பரவலாகப் பயன்படுகிறது. இங்குக் குறிப்பிடப்படும் கட்டளைப் பெயர்கள் யாவும் கோப்பில் உரோம எழுத்துகளில் இடைவெளியின்றி எழுதப்படுபவை.

பிரெஞ்ச்ஸ்பேசிங் கட்டளை

டெக் முறைமையில் பிரெஞ்ச்ஸ்பேசிங் என்னும் கட்டளை ஒன்று தொடக்கம் முதலே உண்டு. பெயரைக் கண்டு இது மேற்கூறிய விதிகளைச் செயற்படுத்தும் என்று எண்ணுவது பொதுவான தவறாகும். இக்கட்டளை நிறுத்தற்குறிக்குப் பின் வரும் இடைவெளியை மட்டுமே மாற்றுகிறது.

ஆங்கில அச்சு மரபைப் பின்பற்றி, டெக் ஒவ்வொரு நிறுத்தற்குறிக்கும் ஓர் இடைவெளிக் காரணியை வைத்துள்ளது. சாதாரண எழுத்துகளுக்கு இது 1000. காற்புள்ளிக்கு 1250, அரைப்புள்ளிக்கு 1500, முக்காற்புள்ளிக்கு 2000, முற்றுப்புள்ளி, வினாக்குறி, வியப்புக்குறி ஆகியவற்றுக்கு 3000. காரணி உயர உயர, குறிக்குப் பின் வரும் இடைவெளி எளிதில் விரியும், சுருங்குவது குறையும். காரணி 2000 அல்லது அதற்கு மேல் இருந்தால் கூடுதல் அகலமும் சேரும். டெக்குடன் வரும் கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருவின் 10 பாயிண்ட் அளவில் சொல்லிடைவெளி ஏறத்தாழ 3.33 பாயிண்ட். முற்றுப்புள்ளிக்குப் பின் அது ஏறத்தாழ 4.44 பாயிண்ட் ஆகிறது.

பிரெஞ்ச்ஸ்பேசிங் கட்டளை இக்காரணிகள் அனைத்தையும் 1000 ஆக்குகிறது. இதனால் வாக்கிய முடிவிலும் சொற்களுக்கிடையிலும் ஒரே அளவு இடைவெளி அமைகிறது. பிரெஞ்சு அச்சுக்கு இது தேவையே. ஆனால் இது மட்டும் போதாது. குறிக்கு முன் வரும் இடைவெளியைப் பற்றி இக்கட்டளை எதுவும் செய்வதில்லை.

பாபெல் பொதி

முன் வரும் இடைவெளியை லாடெக்கில் பாபெல் என்னும் பன்மொழிப் பொதி கவனித்துக்கொள்கிறது. இதனை யொஹானஸ் பிராம்ஸ் உருவாக்கினார். இதன் பிரெஞ்சுப் பகுதியை டேனியல் ஃபிலிப்போ எழுதிப் பராமரித்து வந்தார். பயனர் ஆவணத்தின் மொழி பிரெஞ்சு என்று அறிவித்தவுடன், இரட்டை நிறுத்தற்குறிகளின் முன் உரிய இடைவெளி தானாக அமையும். மேற்கோட்குறிகளுக்கு ஓஜி, எஃப்ஜி என்னும் இரு கட்டளைகள் தரப்பட்டுள்ளன. முன்னது « குறியையும் அதன் பின் இடைவெளியையும், பின்னது இடைவெளியையும் » குறியையும் இடுகின்றன.

இப்பொதியின் இயல்பு அளவுகள் எழுத்துருவின் சொல்லிடைவெளியைக் கொண்டு கணிக்கப்படுகின்றன:

* அரைப்புள்ளி, வியப்புக்குறி, வினாக்குறி: சொல்லிடைவெளியில் பாதி. இது விரிவதோ சுருங்குவதோ இல்லை.
* முக்காற்புள்ளி: முழுச் சொல்லிடைவெளி. வரியின் ஏனைய இடைவெளிகளைப் போல் இதுவும் விரிந்து சுருங்கும்.
* மேற்கோட்குறிகளின் உட்புறம்: சொல்லிடைவெளியில் 0.8 பங்கு. விரிவு சொல்லிடைவெளியின் விரிவில் 0.3 பங்கும், சுருக்கம் அதன் சுருக்கத்தில் 0.8 பங்கும் ஆகும்.

மேற்சொன்ன எழுத்துருவில் இவை முறையே ஏறத்தாழ 1.67, 3.33, 2.67 பாயிண்ட் ஆகும். விரிவிலும் வேறுபாடு வைத்ததற்குக் காரணம் உண்டு. வரியின் இரு ஓரங்களையும் நேராக்க டெக் சொல்லிடைவெளிகளை விரிக்கிறது. மேற்கோட்குறியின் உட்புற இடைவெளியும் அதே அளவு விரிந்தால், குறி தான் தழுவ வேண்டிய சொல்லை விட்டு விலகித் தனித்து நிற்கும்.

செயற்படும் விதம்

டெக் விரியவும் சுருங்கவும் வல்ல இடைவெளியைப் பசை என்று அழைக்கிறது. பசை உள்ள இடத்தில் வரி முறியலாம். ஆனால் பசைக்கு முன் 10000 என்னும் தண்டம் வைக்கப்பட்டால், அவ்விடத்தில் வரி முறிவதில்லை. தண்டம் என்பது ஓரிடத்தில் வரியை முறிப்பது எவ்வளவு விரும்பத்தகாதது என்பதைக் காட்டும் எண். 10000 என்பது முழுத் தடை ஆகும்.

பிடிஎஃப்டெக் பொறியில், பாபெல் பொதி ; : ! ? ஆகிய நான்கையும் இயங்கு வரியுருக்களாக மாற்றுகிறது. இயங்கு வரியுரு என்பது வெறும் எழுத்தாக நில்லாமல், ஒரு கட்டளையைப் போலச் செயற்படும் வரியுரு ஆகும். கோப்பில் வினாக்குறி வரும்போது பின்வரும் படிகள் நிகழ்கின்றன:

1. குறிக்குச் சற்று முன் பசை உள்ளதா என்று பார்க்கப்படுகிறது.
2. எழுதுபவர் இடைவெளி இட்டிருந்தால், அந்தப் பசை அகற்றப்படுகிறது.
3. 10000 தண்டம் வைக்கப்படுகிறது.
4. உரிய அகலமுள்ள இடைவெளி இடப்படுகிறது.
5. வினாக்குறி அச்சிடப்படுகிறது.

எழுதுபவர் இடைவெளி இடாமல் விட்டிருந்தாலும், இயல்பு நிலையில் கடைசி மூன்று படிகள் நிகழும். எனவே கோப்பில் "சா வா?" என்று எழுதினாலும் "சா வா ?" என்று எழுதினாலும் அச்சில் ஒரே விளைவே கிடைக்கிறது. பலர் கூடி எழுதும் ஆக்கங்களில் இது பெரும் பயன் தருகிறது.

தானியங்கு முறையின் சிக்கல்கள்

ஒரே குறி எல்லா இடங்களிலும் நிறுத்தற்குறியாக வருவதில்லை. "10:55" என்னும் நேரத்தில் வரும் முக்காற்புள்ளி நிறுத்தற்குறி அன்று. இலக்கங்களைப் பிரிக்கும் குறி. இணைய முகவரியில் வரும் முக்காற்புள்ளியும் வினாக்குறியும் அம்முகவரியின் உறுப்புகள். இவற்றின் முன் இடைவெளி புகுந்தால், நேரம் "10 :55" என்று சிதைகிறது. அச்சில் உள்ளதைப் பார்த்துத் தட்டச்சு செய்த முகவரி வேலை செய்யாமல் போகிறது.

இயங்கு வரியுருக்களால் மற்றொரு சிக்கலும் எழுகிறது. லாடெக்கின் பிற பொதிகள் சில, இதே குறிகளைத் தம் இலக்கணத்தில் பயன்படுத்துகின்றன. படம் வரையும் டிக்சி பொதியில், 30 பாகைக் கோணத்தில் 2 அலகு தொலைவில் உள்ள புள்ளி "30:2" என்று எழுதப்படுகிறது. எக்ஸ்கலர் பொதியில் ஒரு நிறத்தின் 50 விழுக்காட்டுக் கலவை, நிறப்பெயரை அடுத்து "!50" என்று எழுதப்படுகிறது. இவை சாதாரண எழுத்தை எதிர்பார்க்கும் இடத்தில் கட்டளை ஒன்று வந்து நிற்பதால், ஆவணம் பிழைச்செய்தியுடன் நின்றுபோகக்கூடும். பிழைச்செய்தி படத்தைச் சுட்டுமேயன்றி மொழி அமைப்பைச் சுட்டாது. அதனால் புதிய பயனர்களுக்குக் காரணம் எளிதில் புலப்படுவதில்லை.

இச்சிக்கல்களுக்குப் பின்வரும் தீர்வுகள் உள்ளன:

* நோஆட்டோஸ்பேசிங் கட்டளையை ஒரு குழுவுக்குள் இட்டால், அக்குழுவுக்குள் மட்டும் தானியங்கு இடைவெளி நிற்கும். நேரம் போன்ற சிறு பகுதிகளுக்கு இது ஏற்றது.
* பிரெஞ்ச்செட்டப் கட்டளையின் வழியாக ஆட்டோஸ்பேஸ்பங்க்சுவேசன் என்னும் தெரிவை அணைக்கலாம். அதன்பின், எழுதுபவர் இடைவெளி இட்ட இடங்களில் மட்டும் அது உரிய பிரியா இடைவெளியாக மாற்றப்படும். இடாத இடங்களில் எதுவும் சேர்க்கப்படாது.
* ஷார்ட்ஹேண்ட்ஆஃப் கட்டளை, குறிப்பிட்ட குறிகளைச் சாதாரண எழுத்துகளாகத் திருப்புகிறது.
* டிக்சி பொதியின் பாபெல் நூலகத்தை ஏற்றினால், படங்களுக்குள் இக்குறிகள் தாமாகவே சாதாரண எழுத்துகளாகக் கொள்ளப்படும்.

இரண்டாவது தீர்வு கவனிக்கத்தக்கது. அதில் இடைவெளி வேண்டுமா வேண்டாவா என்பதை எழுதுபவர் முடிவு செய்கிறார். எவ்வளவு அகலம், வரி முறியலாமா என்பவற்றை முறைமை முடிவு செய்கிறது. பொருளறிந்து செய்ய வேண்டிய பணி மனிதரிடமும், அளந்து செய்ய வேண்டிய பணி கணினியிடமும் அமைகின்றன.

சீடெக், லூவாடெக்

2004இல் வெளியான சீடெக், ஒருங்குறி உரையை நேரடியாக ஏற்கும் டெக் பொறி ஆகும். இதில் எழுத்துகளை வகுப்புகளாகப் பிரித்து, ஒரு வகுப்பின் எழுத்தை மற்றொரு வகுப்பின் எழுத்து தொடரும்போது இடையே செருக வேண்டியதை வரையறுக்கலாம். ஆகவே குறிகளை இயங்கு வரியுருக்களாக மாற்ற வேண்டியதில்லை. பிற பொதிகளுடன் மோதலும் குறைகிறது.

2016இல் 1.0 பதிப்பை எட்டிய லூவாடெக்கில், வரியாக முறிக்கப்படுவதற்கு முன் எழுத்துகளின் பட்டியலை லூவா நிரல்மொழியின் வழியே ஆராயலாம். ஒரு குறியின் இருபுறமும் உள்ளவற்றைப் பார்த்தபின் இடைவெளியைச் சேர்க்க முடிவதால், எழுத்தை மட்டும் நோக்கும் முறையைவிட இது நுட்பமானது. லூவாடெக்கைப் பயன்படுத்தும் மற்றொரு முறைமையான கான்டெக்ஸ்ட், பிரெஞ்சு நிறுத்தற்குறிகளுக்கெனத் தனி இடைவெளி அமைப்பைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது.

ஒருங்குறியிலும் இணையத்திலும்

டெக் முறைமைக்கு வெளியே, பிரியா இடைவெளி பெரும்பாலும் தனி வரியுருவாகவே இடப்படுகிறது. ஒருங்குறியில் இதற்கு இரு வரியுருக்கள் உள்ளன. முதலாவது பதின்ம எண் 160 கொண்ட பிரியா இடைவெளி. இரண்டாவது பதின்ம எண் 8239 கொண்ட குறுகிய பிரியா இடைவெளி. பின்னது 1999இல் வெளியான ஒருங்குறி 3.0 பதிப்பில், மங்கோலிய எழுத்தின் தேவைக்காகச் சேர்க்கப்பட்டது. பிரெஞ்சு நுண்ணிடைவெளிக்கும் அதுவே பொருத்தமானதாக அமைந்தது. எண் 8201 கொண்ட நுண்ணிடைவெளி அகலத்தில் ஒத்திருப்பினும், அதில் வரி முறியக்கூடும் என்பதால் இப்பயனுக்கு ஏற்றதன்று.

வலைப்பக்கங்களில் இவ்விரண்டையும் &#160; என்றும் &#8239; என்றும் இடலாம். எழுத்துருக்கள் பலவற்றில் 8239ஆம் வரியுருவுக்கு வடிவம் இல்லாதிருந்த காலத்தில் அவ்விடத்தில் வெற்றுக் கட்டம் தோன்றியது. ஆகையால் இணையத்தில் முழு அகலமுள்ள 160ஆம் வரியுருவே நுண்ணிடைவெளிக்கு மாற்றாகப் பரவியது.

விசைப்பலகையில் இவ்வரியுருக்களுக்கு எளிய இடம் இல்லாமை நெடுங்காலம் ஒரு தடையாக இருந்தது. 2019இல் பிரெஞ்சுத் தரப்படுத்தல் அமைப்பான ஆஃப்னோர் வெளியிட்ட விசைப்பலகைத் தரம் இவ்விரு பிரியா இடைவெளிகளையும் சேர்த்துக்கொண்டது. சொற்செயலிகளோ வேறு வழியைப் பின்பற்றுகின்றன. உரையின் மொழி பிரெஞ்சு என்று குறிக்கப்பட்டிருந்தால், மைக்ரோசாஃப்ட் வேர்டும் லிப்ரே ஆஃபிசும் தட்டச்சு செய்யும்போதே பிரியா இடைவெளியைச் சேர்க்கின்றன. மொழி தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் பிரெஞ்சு உரை இடைவெளியின்றி நிற்கும். பிறமொழி உரையில் வேண்டாத இடைவெளி புகும்.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளும் இத்தகைய வசதி ஒன்றைக் கொண்டுள்ளது. தொகுப்பவர் வினாக்குறி, முக்காற்புள்ளி, » போன்ற குறிகளுக்கு முன்போ « குறிக்குப் பின்போ சாதாரண இடைவெளி இட்டால், பக்கத்தை உருவாக்கும்போது அதனை &#160; ஆக மாற்றுகிறது. இடைவெளி இடாத இடத்தில் தானாக எதையும் சேர்ப்பதில்லை. லாடெக்கில் ஆட்டோஸ்பேஸ்பங்க்சுவேசன் தெரிவை அணைத்தால் கிடைக்கும் நிலையை இது ஒத்தது.

பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இவ்வரியுருக்கள் கணினிக்கு வெவ்வேறானவை. மொழிவாரியான எண், நாள் வடிவங்களைத் தொகுக்கும் ஒருங்குறியின் பொது வட்டாரத் தரவுக் களஞ்சியம், 2018இல் வெளியான 34ஆம் பதிப்பில் பிரெஞ்சுப் பேரெண்களின் பிரிப்பானை 160இலிருந்து 8239 ஆக மாற்றியது. அச்சு மரபின்படி இது திருத்தமான மாற்றமே. ஆயினும் பழைய வரியுருவை எதிர்பார்த்து எழுதப்பட்ட நிரல்கள், புதிய வடிவில் வந்த எண்களை அடையாளம் காணத் தவறின. உரையைத் தேடும்போதும் ஒப்பிடும்போதும் இதே கவனம் தேவை. சாதாரண இடைவெளியுடன் தேடினால், பிரியா இடைவெளி உள்ள தொடரைச் சில மென்பொருள்கள் கண்டறிவதில்லை.

முறைகளின் ஒப்பீடு

பிரெஞ்சு நிறுத்தற்குறி இடைவெளியைக் கையாளும் வழிகளை மூன்றாகத் தொகுக்கலாம்:

* எழுதுபவர் உரிய வரியுருவைத் தாமே இடுதல். விளைவு உறுதியானது, உரையை வேறு மென்பொருளுக்குக் கொண்டுசென்றாலும் நிலைத்திருக்கும். உழைப்பு மிகுதி. கண்ணுக்குத் தெரியாத வரியுரு ஆதலால் பிழைகளைக் கண்டறிவதும் கடினம்.
* முறைமை தானாகவே சேர்த்தல். உழைப்பு குறைவு, நூல் முழுதும் சீராக அமையும். நேரம், முகவரி, நிரல் ஆகியவற்றில் வேண்டாத இடைவெளி புகும் வாய்ப்பு உண்டு.
* எழுதுபவர் சாதாரண இடைவெளி இட, முறைமை அதனை உரிய வகையாக மாற்றுதல். எங்கு என்பது மனிதரின் முடிவு. எவ்வகை என்பது முறைமையின் முடிவு. எழுதுபவர் விதியை அறிந்து ஒழுங்காக இடைவெளி இடுதல் வேண்டும்.

கதை, கட்டுரை போன்ற உரைநடை ஆக்கங்களுக்கு இரண்டாவது வழி போதுமானது. நிரல்களும் முகவரிகளும் நேரங்களும் மிகுந்த தொழில்நுட்ப ஆக்கங்களுக்கு மூன்றாவது வழி பாதுகாப்பானது. பல மென்பொருள்களுக்கு இடையே பரிமாறப்படும் உரைக்கு முதலாவது வழியே ஏற்றது.

இவற்றையும் பார்க்க

* நிறுத்தற்குறி
* டெக்
* லாடெக்
* ஒருங்குறி
* பிரெஞ்சு மொழி